அம்மா கையில் திரும்பாத குச்சி

அரசன் அம்மணமாக ஊர்வலம் போன கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டென்மார்க் என்ற குளிர் நாட்டில் எழுதிய கதை. எப்படியோ நம் ஊர்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு ஏமாற்றுக்காரர்கள் வெறும் தறியில் துணி நெய்வதுபோல் நடிக்கிறார்கள். தகுதி இல்லாதவர் கண்ணுக்கு அந்தத் துணி தெரியாது என்று சொல்லி வைக்கிறார்கள். மந்திரிக்கும் தெரியவில்லை, அரசனுக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஆளாளுக்கு ஆகா ஓகோ என்கிறார்கள். கடைசியில் ஒரு குழந்தைதான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்கிறது.

ஆசிரியை வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குழந்தை வாய் திறக்கும் இடம் வந்தால் மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையாவது அழிப்பேன். கதை எழுதினவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். எந்தக் குழந்தை அப்படிச் சொல்லும்? என் வயசுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன், பத்து வயசில் நம்மில் யார் ஊர் முன்னால் உண்மை பேசினோம்? நான் பேசவில்லை. நான் பேசாததால் என் அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் காரிமங்கலத்திலிருந்து நடந்து போகிற தூரம். அந்த வருஷம் தொடர்ந்து இரண்டாவது தடவையாக மழை ஏமாற்றியிருந்தது. கொல்லை என்று நாங்கள் சொல்லும் மானாவாரி நிலத்தில் ராகி முழங்கால் உயரம்கூட வராமல் கருகிவிட்டது. பழைய கிணற்றின் அடியில் ஒரு குடம் முங்குகிற அளவுக்குப் பச்சைத் தண்ணீர் கிடந்தது. அதைத் தவளைகளோடு பங்கு போட்டுக்கொண்டோம். வீட்டில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. அப்புறம் அத்தை. அப்பாவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டவள். அவள் வாயைத் திறந்தால் வீடே அடங்கும், அப்பாவும் அடங்குவார்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே அண்ணன். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளைத் தூக்கி வளர்த்ததே அவர்தான். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து மாசத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வருவார். கேரியரில் ஒரு சாக்குப் பை இருக்கும். நிலக்கடலை இருக்கும், இல்லாவிட்டால் மொச்சை. எதுவுமே விளையாத மாசத்தில் நாலு கொய்யாக்காய். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு "தண்ணி குடு பாப்பா" என்று அம்மாவைத்தான் கேட்பார். இரண்டு பிள்ளை பெற்ற அம்மாவை அவர் பாப்பா என்று கூப்பிடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கும். சொம்பை அண்ணாந்து மூச்சு விடாமல் குடிப்பார். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அம்மா பக்கத்திலேயே நிற்பாள்.

இனி என் திருட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பித்தளைப் படி இருந்தது. வாய் ஓரத்தில் லேசாக நசுங்கியிருக்கும், அடியில் பாட்டனார் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். ராகி அளப்பதும் அதில்தான், நல்ல காரியத்துக்கு நிறைபடி வைப்பதும் அதில்தான். ஒரு மத்தியானம் எல்லோரும் கொல்லைக்குப் போயிருந்த நேரம், பழைய இரும்பு பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் வந்தான். நான் முதலில் ஓட்டைச் சொம்பு ஒன்றைத்தான் எடுத்துப் போனேன். அதற்கு நாலு பழம்தான் வரும் என்றான். உள்ளே போய்ப் படியை எடுத்து வந்தேன். இரண்டு கை நிறையக் கொடுத்தான். வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து கொட்டையைக்கூடத் துப்ப மனசில்லாமல் சப்பிச் சப்பித் தின்றேன். பழத்தில் ஒட்டியிருந்த சாக்கு நார் பல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. தின்று முடித்த பிறகு கொட்டைகளை வைக்கோலுக்கு அடியில் புதைத்தேன்.

படி காணோம் என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அம்மா பானைகளை இறக்கி இறக்கித் தேடினாள். அத்தை தேடவில்லை. வாசலில் உட்கார்ந்து, பித்தளைக்குக் கால் முளைத்து நடந்து போகாது, கொண்டு போக ஆள் இருந்தால்தான் போகும் என்று யாருக்கும் சொல்லாததுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அம்மாவோடு சேர்ந்து தேடினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்ததுகூட ஞாபகம் இருக்கிறது, வெட்கக்கேடு.

அப்பாவுக்குப் படியைவிடப் பெரிய கவலை இருந்தது. புதுக் கிணறு வெட்டுவது என்று முடிவு செய்து, காரிமங்கலம் சந்தையில் எருதுகள் இரண்டையும் விற்றுவிட்டு வந்திருந்தார். தண்ணீர் வராவிட்டால் குடும்பத்தோடு பெங்களூருக்கு மண் சுமக்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கே வெட்டுவது என்று பார்க்கப் பென்னாகரத்துப் பக்கமிருந்து நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரை வரச் சொல்லியிருந்தார்.

அவர் வரவிருந்த அந்த வாரத்தில்தான் எங்கள் டீச்சர் அரசன் கதையைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அந்தக் குழந்தை இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வகுப்பே உள்ளதைச் சொல்வோம் என்று கத்தியது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது நான். டீச்சர் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

நீரோட்டக்காரர் ஒல்லியான மனுஷர். வெள்ளைச் சட்டையும் ஜவ்வாது வாசனையுமாக வந்தார். வேப்பங்கிளையில் இரண்டாகப் பிரியும் கவட்டையை வெட்டி, இரண்டு காலையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, நுனி முன்னால் நீட்டியிருக்கக் கொல்லையில் மேலும் கீழும் நடந்தார். பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. புங்கமரத்துக்குத் தெற்கே ஓர் இடத்தில் நுனி சட்டென்று தரையைப் பார்த்துத் திரும்பியது. அவர் கற்பூரம் ஏற்றினார். கூட்டத்தில் ஒருவர், உங்கள் கையில் திரும்பும், எங்களுக்கு என்ன தெரியும் என்று வம்புக்குக் கேட்டார். நீரோட்டக்காரருக்குச் சுருக்கென்றது.

"இந்தத் தண்ணியக் குடிக்கப் போற வூட்டுக்காரங்க எல்லாரும் ஆளுக்கொருக்கா புடிங்க. எல்லார் கையிலயும் திரும்பும். வூட்டுக்குத் தெரியாம எதையாச்சும் மறச்சவங்க கையில மட்டும் திரும்பாது."

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

முதலில் அப்பா வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நுனி மெல்லக் கீழே இறங்கியது. திரும்புது என்றார். அத்தை கையில் வாங்கும்போதே என்ன இழுப்பு இழுக்குது என்று சொல்லிவிட்டாள், கூட்டம் சிரித்தது. அப்புறம் அம்மா. தம்பியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. குச்சி நீட்டினது நீட்டினபடியே இருந்தது.

"எனக்கு ஒன்னும் தெரியலீங்க" என்றாள்.

நல்லாப் பிடிக்கச் சொன்னார் அவர். அம்மா நல்லாப் பிடித்தாள். விரல் முட்டி எல்லாம் வெளுத்துப்போயிற்று.

"இல்லீங்க. அப்படியேதான் இருக்குது."

குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். சும்மா மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்திருந்தால் போதும், அவ்வளவுதான் வேலை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. படி எங்கே போனது என்று இப்போது தெரிகிறது என்று அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அப்பா நிமிரவே இல்லை. நீரோட்டக்காரருக்கும் சங்கடமாகப் போயிருக்க வேண்டும்.

"கொழந்த கையில குடுங்க" என்றார். "கொழந்த பொய் சொல்லாது."

குச்சியின் தோல் மற்றவர்கள் வியர்வையில் வழவழவென்று இருந்தது. பிடித்தேன். எதுவும் இழுக்கவில்லை. வெறும் குச்சி. படியைக் கொடுத்தது நான், அதனால்தான் எனக்குத் திரும்பவில்லை, குச்சி என்னைக் கண்டுபிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படியானால் அம்மாவுக்கு ஏன் திரும்பவில்லை என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. எனக்கும் திரும்பவில்லை என்று இன்னும் ஒரே ஒருவர் சொன்னால் போதும் அவளுக்கு. நான் இரண்டு மணிக்கட்டையும் கீழே சாய்த்தேன்.

"திரும்புதுங்க" என்றேன்.

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ராகி அளப்பது அத்தை கைக்குப் போய்விட்டது. ஒரு பால்பவுடர் டப்பாவில் அளந்து அம்மாவின் முறத்தில் கொட்டுவாள். அம்மா முறத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். அப்பா தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார், உங்கண்ணனுக்குக் கொடுத்தாயா என்று. அம்மா தினமும் இல்லீங்க என்றாள். அவர் அடித்திருந்தால்கூட நான் அழுது சொல்லியிருப்பேனோ என்னவோ. அடிக்கவில்லை. சாப்பிடும்போது, செருப்புப் போடும்போது, குழந்தையைக் கையில் வாங்கும்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வாயெடுப்பேன். அப்புறம் ஊர் முன்னால் நான் பொய் சொன்னதும் சேர்ந்து வெளியே வருமே என்று விழுங்கிவிடுவேன்.

அந்த மாசம் மாமா வந்தார். சைக்கிளைச் சாய்க்கும் முன்னாலேயே அப்பா வேலி ஓரத்துக்குப் போய்விட்டார். என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா கேரியரிலிருந்து பையை அவிழ்த்தார். கொண்டு வந்திருந்த மொச்சையைத் தரையில் கொட்டினார். பையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, எல்லோரும் பார்க்கிற மாதிரி உதறினார். தூசிதான் விழுந்தது. அம்மா தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் வந்து போறதுனாலதான உனக்கு இந்தப் பேரு. இனி வரல பாப்பா" என்றார்.

பையை மடித்துக் கேரியரில் வைத்துக்கொண்டு போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று இதை எல்லாம் பார்த்தேன். ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்திருக்கலாம். அவ்வளவு வேகமாகக்கூட அவர் மிதிக்கவில்லை. படி திரும்பி வருகிற வரைக்கும் நீ உங்கண்ணன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். கொட்டின மொச்சையை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

கிணறு வெட்டும் ஆட்கள் வந்து கொல்லையிலேயே கூடாரம் போட்டார்கள். மண் போய்ச் சரளை வந்தது, சரளை போய்ப் பாறை வந்தது. தினமும் மத்தியானம் வெடி வைப்பார்கள். "வெடி, வெடி" என்று துண்டைச் சுற்றிக்கொண்டே ஒருவர் கத்துவார். கோழிகள் எல்லாம் சிதறி ஓடும். சத்தம் அடங்கியதும் கருகின மருந்து வாசனை வீடு வரைக்கும் வரும். அப்பா ஓடிப்போய் எட்டிப் பார்ப்பார். உலர்ந்த கல்தான் இருக்கும். வரவர அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் வேடியப்பன் கோயில் இருக்கிறது. தினமும் அங்கே நின்று, தண்ணீர் வரக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் குச்சி பொய்யாகிவிடும், குச்சி பொய்யானால் அம்மா தப்பித்துவிடுவாள், நான் வாயைத் திறக்கவும் வேண்டியதில்லை. எருது போனது தெரியும். பெங்களூர் போனால் என் படிப்பு போகும் என்பதும் தெரியும். தெரிந்தும் வேண்டினேன். வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே கை இரண்டையும் தொடைக்குள் இறுக்கிக்கொள்வேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் வெடித்த பிறகு புகை அடங்கவே இல்லை. புகை இல்லை அது, ஈரம். கிழக்குப் பக்கப் பாறை இடுக்கிலிருந்து கைப் பருமனுக்கு ஊற்று பீய்ச்சியது. உள்ளே இருந்தவர்களைக் கயிறு போட்டு மேலே தூக்க வேண்டியிருந்தது. அப்பா சேற்றில் உட்கார்ந்து அழுதார். ஊரே கூடியது, அத்தைதான் தேங்காய் உடைத்தாள். குச்சி என்றைக்கு ஐயா பொய் சொன்னது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். குழந்தைக்கு எவ்வளவு சந்தோஷம் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். தண்ணீர் நல்ல தித்திப்பு. நானும்தான் குடித்தேன்.

நான் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் வைக்க மாமா வர வேண்டியிருந்தது. வந்தார். தட்டைப் பந்தலில் வைத்தார், என் தலையில் கை வைத்தார். அம்மா சொம்பை நீட்டினாள். "தாகமில்ல பாப்பா" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயசு, எல்லாம் புரிகிற வயசு. பட்டுப் பாவாடையும் தலை நிறையப் பூவுமாக மணையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் வாய் வரவில்லை.

அப்புறம் வருஷங்கள் போனதுபற்றி என்ன எழுதுவது? நான் படித்தேன், வேலைக்குப் போனேன், என் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தேன். அத்தை போய்ச் சேர்ந்தாள். அளக்கிற வேலை அம்மா கைக்கு வந்தபோது ரேஷன் அரிசி வந்துவிட்டது, அளக்கவும் ஆள் வேண்டியதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மாமா இறந்தார். அப்பாவே அம்மாவைப் போய் வா என்றார். அம்மா போனாள். வாசலில் நுழையும்போது நிலைப்படியைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவள் அழுகையைக் கேட்க முடியாமல் நான் தெருவுக்கு வந்துவிட்டேன். அங்கேயே, அப்போதே மாமாவின் பிள்ளைகளிடமாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என்னைவிடப் பெரிய கோழையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். அந்தக் கிணறு வற்றிப் பல வருஷமாகிறது. தம்பி போர் போட இடம் பார்க்க மெஷின் வைத்திருக்கிற பையன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தான். வாசலில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர், காது மட்டும் நன்றாகக் கேட்கும். சற்றுத் தள்ளி அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பையனிடம், அந்தக் காலத்தில் மெஷின் எல்லாம் ஏது, இதோ நிற்கிறாளே என் மகள், இவள் கையில் குச்சி எப்படித் திரும்பியது தெரியுமா என்று ஆரம்பித்தார். இந்தப் பெருமையை அவர் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். அன்றைக்கு என்னவோ என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பா, எனக்குத் திரும்பல. நான்தான் சாய்ச்சேன். படியையும் நான்தான் குடுத்தேன், பேரீச்சம்பழக்காரனுக்கு."

தம்பி என்னையே பார்த்தான். மெஷின் பையன் ஒயரைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நகர்ந்துவிட்டான். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் திரும்பல கண்ணு" என்றார்.

அப்படியானால் அம்மாவை ஏன் அப்படிப் படுத்தினீர்கள் என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம்.

"எருத வித்துட்டு நிக்கறேன். ஊரே பாக்குது. திரும்பலன்னு எப்படிச் சொல்றது? அவ சொல்லிட்டா. அவ சரின்னா நான் பொய்யன்னு ஆவுமில்ல."

இத்தனை வருஷமும் என்னோடு சேர்ந்து இன்னொருவரும் அதே வீட்டில் அதே பொய்யை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்த கல்லைக் கீழே வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும், அழுகை வரும் என்று காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. எதையோ தலையிலிருந்து இறக்கி வைத்தவள் மாதிரி முகம் லேசாகிவிட்டது. மடியில் இருந்த புளியோடுகளை எல்லாம் உதறிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அவ்வளவு சுறுசுறுப்பாக அவளைப் பார்த்துப் பல வருஷமாகிறது.

"தருமபுரி பஸ் எத்தன மணிக்குடா?" என்று தம்பியைக் கேட்டாள். "எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் உட்கார்ந்து, கல்லை எடுத்து, மிச்சமிருந்த புளியை உடைக்கத் தொடங்கினாள்.